வாசகர் கேள்வி பதில்: கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி

போன இதழில் அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்கு, இடம் போதாமல் நாலே வரியில் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கே செய்தி பார்த்துப் பதறும் பெற்றோர், அங்கேயே குடியிருப்பவர்கள், அது அவர்கள் ஊர்ப் பிரச்சனை நமக்கென்ன என்று கேட்டவர்கள், எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இது மட்டும்.

கோபமும் வெறியும் எல்லா நாட்டிலும் உண்டு. நம் ஊரில் அரிவாளால் வெட்டுகிறார்கள், அங்கே துப்பாக்கியால் சுடுகிறார்கள். கொல்ல நினைப்பவன் எப்படியும் கொல்லத்தான் போகிறான். துப்பாக்கியை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?
– எஸ்.எம்., திருநெல்வேலி

நீங்கள் சொல்வதில் முதல் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கோபம் எல்லா ஊரிலும் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு 2012 டிசம்பர் 14ஆம் தேதியைப் பாருங்கள். அன்றைக்குச் சீனாவில் ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாசலில் ஒருவன் கத்தியோடு புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குத்தினான். அதே நாளில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூடவுன் என்ற சிற்றூரில், சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். சீனாவில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. சாண்டி ஹூக்கில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் 20 பேரும் பெரியவர்கள் 6 பேரும் சில நிமிடங்களில் இறந்துபோனார்கள். இரண்டு பேர் மனதிலும் இருந்த வெறி ஒன்றுதான், கையில் இருந்தது வேறு.

அரிவாளை ஓங்குகிறவன் பக்கத்தில் வர வேண்டும். ஓடலாம், கதவைச் சாத்தலாம், நாலு பேர் சேர்ந்து மடக்கலாம். 2017 அக்டோபரில் லாஸ் வேகாஸில் ஒருவன் ஹோட்டலின் 32ஆவது மாடி ஜன்னலில் இருந்துகொண்டு, கீழே பாட்டுக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தை நோக்கிப் பத்து நிமிடத்தில் ஆயிரம் ரவுண்டுக்கு மேல் சுட்டான். இறந்தவர்கள் 60 பேர். அவன் முகத்தைக்கூட அவர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

2017 கணக்குப்படி அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் இருந்த துப்பாக்கிகள் சுமார் 39 கோடி. அந்நாட்டு மக்கள்தொகையைவிட அதிகம். 2023இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர், அதாவது ஒரு நாளைக்கு 128 பேர். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பள்ளிக்கூட, ஷாப்பிங் மால் சம்பவங்கள் இந்த எண்ணிக்கையில் மிகச் சிறிய பங்கு. மீதியெல்லாம் வீட்டுக்குள்ளும் தெருவிலும், ஒருவர் இருவராக, செய்தியில் வராமலே நடப்பவை. ஆத்திரமோ துக்கமோ பயமோ தலைக்கேறும் அந்தச் சில நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் இந்த விவகாரத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்த 46,728 என்ற கணக்கில் பாதிக்கு மேல் தற்கொலை என்கிறார்களே? தற்கொலையைத் துப்பாக்கி வன்முறை என்று கணக்கில் சேர்ப்பது ஏமாற்று வேலை இல்லையா? சாக முடிவெடுத்தவருக்குத் துப்பாக்கி இல்லாவிட்டால் இன்னொன்று.
– கே.வி.ஆர்., ஈரோடு

ஆமாம், 27,300 பேர் தற்கொலை, 17,927 பேர் கொலை. துப்பாக்கிச் சாவு என்றாலே கொலை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலருக்கு இந்த எண் அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் ஏமாற்று வேலை என்று நீங்கள் சொல்வதை ஏற்க மாட்டேன். "இன்னொன்று" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நாம் எல்லாருமே தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்குச் சான்று பக்கத்திலேயே, இலங்கையில் இருக்கிறது. 1990களின் நடுவில் உலகத்திலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் அது ஒன்று. பெரும்பாலானவை வயலுக்கு வாங்கி வீட்டில் வைத்திருந்த பூச்சிமருந்தால் நடந்தவை. 1995இலும் 1998இலும் மிகக் கொடிய நஞ்சுள்ள மருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. போர் நிற்கவில்லை, வறுமை தீரவில்லை, குடும்பச் சண்டைகள் ஓயவில்லை. ஆனாலும் பத்தே வருடத்தில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. தடைக்கு முந்தைய பத்து வருடத்தோடு ஒப்பிட்டால் அடுத்த பத்து வருடத்தில் சுமார் 20,000 சாவுகள் குறைவு. அந்த இருபதாயிரம் பேரும் வேறு வழி தேடிப் போய்விடவில்லை.

இஸ்ரேலில் 2006இல் ராணுவம் ஒரு சின்ன விதியை மாற்றியது. வார இறுதியில் ஊருக்குப் போகும் இளம் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். சிப்பாய்களின் தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது, குறைந்ததெல்லாம் வார இறுதிகளில். வாரநாட்களில் மாற்றமில்லை.

அந்த எண்ணம் பெரும்பாலும் அலைபோல வந்து போகிறது. முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. மற்ற பல வழிகளில் யாராவது பார்த்துவிடலாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம், அவரே மனம் மாறலாம். துப்பாக்கி அந்த இடைவெளியைக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் இப்படி இறப்பவர்களில் நடுவயது தாண்டிய கிராமத்து ஆண்கள் நிறையப் பேர். அவர்களைக் கணக்கில் இருந்து எடுத்துவிட்டுப் பேச எனக்கு மனமில்லை.

இதைப் படிக்கும் யாருக்காவது அப்படி ஒரு எண்ணம் இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கோ, தமிழ்நாட்டில் 104க்கோ கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம். அமெரிக்காவில் 988.

துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்க அரசியல் சாசனமே கொடுத்த உரிமை என்கிறார்கள். அப்படியானால் எந்த அரசு வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாதுதானே?
– ஒரு சட்டக்கல்லூரி மாணவி, செங்கல்பட்டு

அந்த உரிமையைச் சொல்லும் அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் 1791இல் வந்தது. ஒரே வாக்கியம். சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை தேவை என்று ஆரம்பித்து, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையை மீறக்கூடாது என்று முடிகிறது. முதல் பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள் இது படை பற்றியது என்றார்கள், இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள் இது தனிமனித உரிமை என்றார்கள். ரொம்ப காலம் நீதிமன்றங்கள் முதல் பக்கமாகத்தான் சாய்ந்திருந்தன. தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வாரன் பர்கர், அவர் ஒன்றும் இடதுசாரி இல்லை, நிக்சன் நியமித்தவர், 1991இல் தொலைக்காட்சியில் பேசும்போது இந்தத் திருத்தத்தை வைத்து நடந்த பிரசாரத்தை மக்கள் மீது நடத்தப்பட்ட பெரிய மோசடிகளில் ஒன்று என்றே சொன்னார்.

2008இல் ஹெல்லர் வழக்கில் 5–4 என்ற ஒரே ஓட்டு வித்தியாசத்தில் இது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பலர் பாதிதான் படிக்கிறார்கள். எழுதிய நீதிபதி ஸ்காலியா, எல்லா உரிமைகளையும் போல இதற்கும் எல்லை உண்டு, குற்றவாளிகளுக்குத் தடை, பள்ளிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் தடை, விற்பனைக்கு நிபந்தனைகள், இவற்றையெல்லாம் இந்தத் தீர்ப்பு தொடவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறார்.

2022இல் புரூன் வழக்கில் நிலைமை இறுகியது. வெளியே துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிய காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட சட்டம் செல்லாது என்றார்கள். இனி எந்தக் கட்டுப்பாடானாலும் நாட்டின் பழைய வரலாற்றில் அதற்கு முன்மாதிரி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் சுடும் கருவிகளுக்கு, ஒரு குண்டு போட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டியிருந்த காலத்தில் முன்மாதிரி தேடச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் 2024இல் அதே நீதிமன்றம், மனைவியையோ துணையையோ மிரட்டியதற்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவர்களிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்ற சட்டம் செல்லும் என்று 8–1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆக, முடியாது என்பது சரியில்லை. இடம் குறுகலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

என் மகள் டெக்சாஸில் டல்லாஸ் பக்கத்தில் இருக்கிறாள். பேத்திக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் மேஜைக்கு அடியில் உட்காரப் பழக்குகிறார்களாம். "பாட்டி, நான் சத்தமே போடலை" என்று பெருமையாகச் சொல்கிறாள். எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் மகளிடம் என்ன சொல்வது?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கும் கொஞ்ச நேரம் வேறு கடிதத்தைப் பிரிக்கத் தோன்றவில்லை.

முதலில் ஒன்று சொல்கிறேன், ஆறுதலுக்காக இல்லை, உண்மை என்பதால். ஒரு குறிப்பிட்ட குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் இப்படி நடக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. பள்ளியைவிட வீடுகளைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். 2020இலிருந்து அமெரிக்காவில் குழந்தைகள், பதின்வயதினர் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி. வாகன விபத்துகளையும் தாண்டிவிட்டது. சுமார் 46 லட்சம் குழந்தைகள் குண்டு போட்ட, பூட்டாத துப்பாக்கி இருக்கும் வீடுகளில் வளர்கிறார்கள் என்று ஒரு ஆய்வு சொல்கிறது. கட்டில் பக்கத்து டிராயரில், அலமாரியில் துணிக்கு அடியில், காரின் முன்பெட்டியில்.

உங்கள் மகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேத்தி தோழி வீட்டுக்கு விளையாடப் போகும்போது, நிலக்கடலை ஒவ்வாமை உண்டா, வீட்டில் நாய் இருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கிறோம் இல்லையா, அதோடு சேர்த்து, "உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா, இருந்தா பூட்டி வெச்சிருக்கீங்களா?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு இப்படிக் கேட்கக் கூச்சமாக இருக்கும், தப்பாக நினைப்பார்களோ என்று இருக்கும். அங்கே குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்கிற கேள்வி இது. பொறுப்பாகத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கோபப்பட மாட்டார்கள், பெட்டியைத் திறந்து காட்டாவிட்டாலும் எங்கே எப்படி வைத்திருக்கிறோம் என்று சொல்வார்கள். அலட்சியமாக வைத்து, குழந்தை கையில் அது கிடைத்துவிட்டால் டெக்சாஸ் சட்டப்படியே குற்றம். பேத்திக்கும் ஒரு வரி சொல்லிவைக்க வேண்டும்: எங்கேயாவது துப்பாக்கியைப் பார்த்தால், பொம்மை மாதிரி இருந்தாலும் தொடாதே, அந்த இடத்தை விட்டு வா, பெரியவர்களிடம் சொல்.

பள்ளிக்கூடச் சம்பவங்களுக்கும் வேர் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறது. அமெரிக்க ரகசியப் பாதுகாப்புத் துறை 2019இல் ஆராய்ந்தபோது, பள்ளியில் சுட்ட மாணவர்களில் நாலில் மூன்று பேர் துப்பாக்கியை எடுத்தது பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டில் இருந்து. 2021 நவம்பரில் மிச்சிகன் மாநிலம் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பதினைந்து வயதுப் பையன் நான்கு மாணவர்களைக் கொன்றான். சில நாள் முன்னால் அப்பா வாங்கித் தந்த துப்பாக்கி. 2024இல் அம்மா, அப்பா இருவருக்குமே 10 முதல் 15 வருடச் சிறை. பள்ளிக்கூடப் படுகொலைக்காகப் பெற்றோரையே, நோக்கமில்லாமல் மரணம் விளைவித்த குற்றத்துக்காக, அந்த நாடு தண்டித்தது அதுதான் முதல் தடவை.

கெட்டவன் கையில் துப்பாக்கி இருந்தால் நல்லவன் கையிலும் இருந்தால்தானே தடுக்க முடியும்? ஆசிரியர்களுக்கே துப்பாக்கி கொடுக்கலாம் என்று சொல்கிறார்கள்.
– டி.ஆர்., சேலம்

இது சாண்டி ஹூக் நடந்து ஒரு வாரத்தில் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் அன்றைய தலைவர்களில் ஒருவரான வேய்ன் லாபியர் சொன்ன வாதம். சில இடங்களில் உண்மையாகவும் நடந்திருக்கிறது. 2022 ஜூலையில் இந்தியானாவில் ஒரு மாலில் சுட ஆரம்பித்தவனைத் துப்பாக்கி வைத்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர் நிறுத்தினார். அதற்குள் மூன்று பேர் இறந்துவிட்டார்கள், இல்லாவிட்டால் இன்னும் எத்தனையோ. அதை மறைத்துப் பேசக்கூடாது.

ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்னால் டெக்சாஸில் யுவால்டி என்ற ஊரில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். பதினெட்டு வயது நிரம்பியதும் சட்டப்படி ரைபிள் வாங்கியவன் தொடக்கப்பள்ளிக்குள் போனான். அன்று அங்கே வந்து சேர்ந்த போலீஸ்காரர்கள் மொத்தம் 376 பேர். கவசம், ரைபிள், பயிற்சி எல்லாம் இருந்தது. உள்ளே இருந்து குழந்தைகள் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வெளியே பெற்றோர் கதறினார்கள். 77 நிமிடம் கழித்துத்தான் அந்த வகுப்பறைக்குள் போனார்கள். 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். சம்பளத்துக்கு இதையே வேலையாகச் செய்கிறவர்களே அவன் கையில் இருந்த ரைபிளைப் பார்த்துத் தயங்கி நின்றுவிட்ட இடத்தில், கணக்குப் பாடம் எடுக்கும் டீச்சர் சரியாகக் குறிபார்த்துச் சுடுவார் என்று நம்பி ஒரு சட்டம் போட முடியாது.

நம் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பேராசிரியர் ஒருவர் அமெரிக்கக் கல்லூரியில் சுட்டுக்கொல்லப்பட்டாரே, அவரைப் பற்றி எழுதுங்கள். மனநோயாளிக்கு எப்படித் துப்பாக்கி விற்றார்கள்?
– பி.எஸ்., கோபி

பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கரட்டடிபாளையத்தில் பிறந்தவர். ஐ.ஐ.டி. கான்பூரிலும் பர்டூ பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டு, வர்ஜீனியா டெக்கில் இருபத்தைந்து வருடம் போலப் பாடம் நடத்தியவர். 2007 ஏப்ரல் 16 காலையில் நாரிஸ் ஹால் கட்டடத்தில் 206ஆம் அறையில் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் மட்டும் அவரும் ஒன்பது மாணவர்களும் இறந்தார்கள், மும்பையில் இருந்து போன ஒரு மாணவியும் அதில் உண்டு. மொத்தம் 32 பேர்.

எப்படி விற்றார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. கடையில் துப்பாக்கி வாங்கப் போனால் 4473 என்ற படிவம் கொடுப்பார்கள். குற்றவழக்கு உண்டா, நீதிமன்றம் உங்களை மனநலக் காரணத்தால் சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள், நீங்களே டிக் செய்ய வேண்டும். கடைக்காரர் அதை வைத்து எஃப்.பி.ஐ. நடத்தும் கணினிப் பதிவில் சரிபார்ப்பார். பெரும்பாலும் சில நிமிடத்தில் விடை வந்துவிடும்: கொடுக்கலாம், பொறுங்கள், கூடாது. வர்ஜீனியா டெக்கில் சுட்டவனைப் பற்றி 2005 டிசம்பரிலேயே ஒரு நீதிபதி, இவனால் இவனுக்கே ஆபத்து, சிகிச்சை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். மத்தியச் சட்டப்படி அவனுக்குத் துப்பாக்கி விற்கவே கூடாது. ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறச் சொன்ன உத்தரவுகளை மட்டும்தான் அந்த மாநிலம் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தது. வெளிநோயாளியாகப் போகச் சொன்ன உத்தரவு ஏறவில்லை. இரண்டு தடவை சோதித்தார்கள், இரண்டு தடவையும் "கொடுக்கலாம்" என்று வந்தது. அதன் பிறகுதான் மாநிலங்கள் பதிவுகளை அனுப்ப நிதியுதவி கொடுத்து ஊக்குவிக்கும்படி சட்டத்தைத் திருத்தினார்கள்.

"பொறுங்கள்" என்று வந்து மூன்று வேலைநாளுக்குள் முடிவு வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்றும் ஒரு விதி இருக்கிறது. 2015இல் சார்ல்ஸ்டனில் தேவாலயத்துக்குள் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக்கொன்றவன் அந்த ஓட்டை வழியாகத்தான் வாங்கினான். அப்புறம், கடையில்லாமல் தனிநபரிடம் வாங்கினால் பல மாநிலங்களில் இந்தச் சோதனையே கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனநலச் சிக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் தாக்குவதில்லை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் பிறகு மனநோய் என்று சொல்லிப் பேச்சை முடிப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சட்டம் போட்டால் ரவுடிகள் மதிக்கவா போகிறார்கள்? நல்லவன்தான் மாட்டுவான். சிகாகோவில் கடுமையான சட்டம் இருந்தும் கொலை குறையவில்லையே.
– எம்.ஜே., கோவை

சிகாகோவில் போலீஸ் பிடிக்கும் துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் வெளிமாநிலத்தில் இருந்து வந்தவை, முக்கியமாக இந்தியானாவில் இருந்து. காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, அங்கே சட்டம் தளர்வு. ஒரு ஊர் மட்டும் கதவைச் சாத்தினால் இப்படித்தான் ஆகும். மற்றபடி, சட்டவிரோதத் துப்பாக்கிகளிலும் பெரும்பாலானவை எங்கோ ஒரு கடையில் சட்டப்படி விற்கப்பட்டு, பிறகு கைமாறியோ களவுபோயோ வந்தவைதான். அந்த முதல் இடத்தில் கெடுபிடி இருந்தால் கடைசிக் கைக்குப் போவது குறைகிறது. வாங்குவதற்கே முதலில் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று கனெக்டிகட் 1995இல் கொண்டுவந்தபோது துப்பாக்கிக் கொலைகள் குறைந்ததையும், இருந்த அதே மாதிரிச் சட்டத்தை மிசௌரி 2007இல் எடுத்துவிட்டபோது கூடியதையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ரவுடிகள் சட்டத்தை மதிக்காததற்காக மற்ற எந்தச் சட்டத்தையும் நாம் விட்டுவிடுவதில்லை.

இத்தனை குழந்தைகள் செத்தும் அந்த நாட்டு மக்களுக்கு மனசே இல்லையா? ஏன் ஒன்றும் செய்யமாட்டேன் என்கிறார்கள்?
– ஆர்.எல்., மதுரை

மனசு இருக்கிறது. எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்று கேட்டால் பத்தில் எட்டு பேருக்கு மேல், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உட்பட, வேண்டும் என்கிறார்கள். சாண்டி ஹூக்குக்குப் பிறகு 2013 ஏப்ரலில் அப்படி ஒரு மசோதா செனட்டுக்கு வந்தது. 54 பேர் ஆதரவு. சாதாரணக் கணக்கில் அது வெற்றி. ஆனால் அங்கே விவாதத்தை முடித்து ஓட்டுக்கு விட 60 பேர் வேண்டும், மசோதா அப்படியே செத்தது. சுமார் நாலு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் செனட்டில் இரண்டு இடம், ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு இடம். அப்புறம், துப்பாக்கி உரிமைக்காக மட்டுமே ஓட்டுப் போடுகிறவர்கள் தேர்தல் தவறாமல் வருகிறார்கள். சோதனை வேண்டும் என்கிற பெரும்பான்மையோ பத்து விஷயத்தில் இதையும் ஒன்றாக வைத்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் கேட்க வேண்டும். மொன்டானாவில் தனியாக ஒரு பண்ணையில் இருப்பவர், போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரை என் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. கறுப்பின மக்களில் சிலரும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள், அதற்கும் காரணம் உண்டு. 1967இல் கலிஃபோர்னியாவில் பிளாக் பாந்தர் அமைப்பினர் துப்பாக்கியோடு தெருவில் ரோந்து போனபோது, பொது இடத்தில் குண்டு போட்ட துப்பாக்கி ஏந்தத் தடைவிதித்த சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அன்றைய கவர்னர் ரொனால்ட் ரீகன். துப்பாக்கிச் சங்கமும் அன்றைக்கு எதிர்க்கவில்லை. யார் கையில் என்பதைப் பார்த்துச் சட்டம் போட்ட வரலாறு அது.

ஒன்றும் நடக்கவில்லை என்பதும் சரியில்லை. 2018இல் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த பிறகு, மாணவர்கள் போராடி, குடியரசுக் கட்சி ஆண்ட ஃபுளோரிடாவிலேயே சட்டம் வந்தது. வாங்கும் வயது 21 ஆனது, ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கலாம் என்றும் வந்தது. யுவால்டிக்குப் பிறகு 2022 ஜூனில் இரு கட்சியும் சேர்ந்து ஒரு மத்தியச் சட்டம் கொண்டுவந்தன. 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கூடுதல் சோதனை அதில் உண்டு. போதுமா என்றால் போதாது. பூட்டிவைக்கும் சட்டமும், வாங்குவதற்கு முன் பெர்மிட்டும் நாடு முழுக்க வந்தால்கூட நிறைய உயிர் பிழைக்கும் என்பது என் எண்ணம், அதற்காக யார் வீட்டுத் துப்பாக்கியையும் பிடுங்க வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவில் எல்லாத் துப்பாக்கியையும் பிடுங்கிவிட்டார்களாமே? ஆனாலும் சிட்னியில் நடந்ததே.
– ஒரு வாசகர், மெல்போர்ன்

எல்லாவற்றையும் பிடுங்கவில்லை. 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டே நாளில், பதவிக்கு வந்து சில வாரமே ஆகியிருந்த பிரதமர் ஜான் ஹோவர்ட், பழைமைவாதக் கட்சிக்காரர், எல்லா மாநிலங்களையும் ஒப்புக்கொள்ள வைத்தார். வேகமாகச் சுடும் ரைபிள்களுக்குத் தடை, அரசே காசு கொடுத்துச் சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி உருக்கியது, தற்காப்புக்கு என்று சொல்லி யாரும் உரிமம் கேட்க முடியாது. அவருடைய சொந்த ஓட்டர்களே கொதித்தார்கள். விவசாயிகள் கூட்டத்தில் குண்டு துளைக்காத உடுப்பைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு நின்று பேசினார்.

2025 டிசம்பரில் போண்டி கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவில் நடந்த படுகொலை பெரிய துயரம். உரிமம் பெற்ற துப்பாக்கிகளே அதில் பயன்பட்டன. அங்கே அதற்கு அடுத்து வந்த கேள்வி, ஒரு நகரவாசிக்கு எதற்கு இத்தனை துப்பாக்கி, உரிமத்தை மறுபடி யார் பரிசீலிக்கிறார்கள் என்பது. ஓட்டை தெரிந்தால் அடைக்கப் பார்க்கிறார்கள். அதைத்தான் நான் அமெரிக்காவில் பார்க்க ஆசைப்படுகிறேன்.

இந்தியாவில் யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் வாங்கலாமா?
– ஜி.கே., ஓசூர்

வாங்க முடியாது என்றில்லை, சுலபமில்லை. 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி கலெக்டரிடமோ, பெருநகரமானால் கமிஷனரிடமோ விண்ணப்பிக்க வேண்டும். என்ன ஆபத்து என்று காரணம் காட்ட வேண்டும், போலீஸ் விசாரிக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது சிறைக்குப் போகிற குற்றம். தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்க வேண்டும். கர்நாடகத்தில் குடகில் கொடவர்களுக்குப் பரம்பரை வழக்கம் காரணமாக லைசென்ஸில் இருந்து விலக்கு உண்டு, அங்கே துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடும் திருவிழாவே இருக்கிறது. நம் நாட்டில் துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பாலானவை உரிமம் இல்லாத கள்ளத் துப்பாக்கிகளால் நடப்பவை. அதற்காக உரிமத்தைத் தளர்த்தச் சொல்கிற குரல்களும் வருகின்றன. எனக்கு உடன்பாடில்லை.

நான் எச்-1பி விசாவில் அட்லாண்டாவில் இருக்கிறேன். மனைவி, இரண்டு வயது மகன். பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் திருட்டு. நண்பர்கள் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள் என்கிறார்கள். வாங்கலாமா?
– வி.என்., அட்லாண்டா

முதலில் சட்டம். உங்கள் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். வேட்டை லைசென்ஸ் எடுத்தால் விலக்கு உண்டு, நண்பர்கள் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதில் ஏதாவது பிசகினால் விசா மட்டுமல்ல, வழக்கும் வரும். வக்கீலைக் கேட்காமல் அடியெடுத்து வைக்காதீர்கள்.

சட்டம் இடம் கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 1992இல் லூசியானாவில் பதினாறு வயது ஜப்பானிய மாணவன் ஒருவன் ஹாலோவீன் விருந்துக்குப் போகிற வழியில் வீடு மாறி வேறு வீட்டு அழைப்பு மணியை அழுத்தினான். பயந்துபோன வீட்டுக்காரர் சுட்டார். பையன் இறந்தான், அவர் விடுதலையானார். அவர் கொலைகாரர் இல்லை, பயந்த மனிதர், கையில் துப்பாக்கி இருந்தது. கலிஃபோர்னியாவில் லட்சக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் கொலையாகும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. கணவன் அல்லது துணையின் கையால் சுட்டுக்கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்கு, அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக்குப் பாதுகாப்பு என்று வாங்கியதுதான் அது.

பின்கதவுக்கு நல்ல பூட்டு, வாசலில் தானே எரியும் விளக்கு, கேமரா, அலாரம், பக்கத்து வீட்டாரின் போன் நம்பர். இதற்கெல்லாம் சேர்த்தே ஒரு துப்பாக்கியின் விலைக்கு மேல் பெரிதாக ஆகாது. வாங்குவதற்கு முன் இதை மனைவியோடு உட்கார்ந்து பேசினீர்களா என்று கடிதத்தில் இல்லை. பேசிவிட்டு எழுதுங்கள், அவர் என்ன சொன்னார் என்றும் சேர்த்து.